அதாவுல்லா நாக்கை நீட்டிய கதை

அதாவுல்லா ஓட்டும் கம்பெனி பஸ்ஸில் ராயக்கோட்டையில் ஏறி உத்தனப்பள்ளி வழியாக ஓசூர் சிப்காட் வரை போகிற பெண்களுக்கு, அவர் குரல் எப்படி இருக்கும் என்று வெகுநாள் தெரியாது. அவர் பேசமாட்டார். கேட்டதற்கு "ம்" என்பார். அந்த "ம்"மில் பல வகை உண்டு. மூக்கால் வந்தால் "சரி". தொண்டையில் இருந்து வந்தால் "முடியாது". கொஞ்சம் இழுத்து வந்தால் "இறங்கும்போது கதவை ஆட்டாதே". பஸ்ஸில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த பெண்களுக்கு, முன் சீட்டில் உட்காரும் செல்லிதான் இதையெல்லாம் விளக்கிச் சொல்வாள்.

அவர் பிறந்தது நாகரசம்பட்டியில். வாலிப வயசு முழுக்க மாங்காய் லாரி ஓட்டினார். பின்னால் டன் கணக்கில் மாங்காய், முன்னால் ரோடு, யாரோடு பேசுவது? அப்படியே பழகிவிட்டது. தாடி, மீசை, இஸ்திரி போட்ட காக்கிச் சட்டை, கண்ணில் ஒரு முறைப்பு. அவர் பெண் பார்க்கப் போனபோது மாப்பிள்ளைக்கு வாய் பேச வராதோ என்று மனைவி பேகத்தின் வீட்டில் சந்தேகப்பட்டு, இரண்டாம் முறை ஆள் அனுப்பி விசாரித்தார்களாம்.

இப்படிப்பட்டவருக்குப் பிறந்த மகள் ஜைபா, விழித்தது முதல் தூங்குகிற வரை வாயை மூடமாட்டாள். நாலு வயசு. ஆனால் பேசுவதில் பாதி எழுத்து வராது. லாரி அவளுக்கு "யாயி". பரோட்டா "பயோட்டா". எல்கேஜி டீச்சர் ஒருநாள் பேகத்தைக் கூப்பிட்டு, "பாப்பா நாக்கை வெளியே நீட்டவே மாட்டேங்குதுங்க. ஒரு தரம் டாக்டர்கிட்ட காட்டுங்க" என்றார்.

அக்கம்பக்கத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். வயசானால் தானாக வரும் என்றார்கள். வசம்பைச் சுட்டு நாக்கில் தேய்க்கச் சொன்னார்கள். பேகம் எதையும் கேட்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனாள். அவர் ஜைபாவை நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார். நாக்கு உதட்டைத் தாண்டவில்லை. நுனி நடுவில் இழுபட்டு, வெற்றிலை மாதிரி பிளந்து நின்றது.

"நாக்குக்குக் கீழ இருக்கிற சவ்வு கட்டிப் புடிச்சிருக்குது. எல்லாப் பிள்ளைக்கும் இதுக்கு ஆபரேஷன் தேவைப்படாது. இவளுக்கு நுனி மேல எழும்பவே இல்ல, அதனால விடுவிச்சிடலாம். சின்ன வேலைதான்" என்றார் டாக்டர்.

சின்ன வேலைதான். ஆனாலும் ஆபரேஷன் அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அதாவுல்லா காலியான டீ கப்பை ரொம்ப நேரம் உறிஞ்சிக்கொண்டிருந்தார். பேகம்தான் கப்பைப் பிடுங்கிக் குப்பையில் போட்டாள். மயக்கம் தெளிந்து வெளியே வந்த ஜைபா கோபமாக இருந்தாள். பேசவில்லை. ஐஸ்கிரீம் படம் போட்டிருந்த சுவரைப் பார்த்து விரலை நீட்டினாள். டாக்டரே வாங்கிக் கொடுக்கச் சொல்லிவிட்டார்.

முதல் இரண்டு நாள் தயிர்சோறும் ஆறவைத்த கேழ்வரகுக் கூழும் ஐஸ்கிரீமுமாகப் போயின. நாக்குக்கு அடியில் காயம் வெள்ளையாகப் படர்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, சீழ் பிடித்துவிட்டது என்று பேகம் அழுதுகொண்டே நர்ஸுக்குப் போட்டோ அனுப்பினாள். "அது காயம் ஆறுற நிறம்மா. ஜுரம் இல்ல, ரத்தம் இல்ல, பயப்படாதீங்க" என்று நர்ஸ் போனில் சொன்ன பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

உண்மையான சோதனை அதற்குப் பிறகு வந்தது. நாக்குக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். மூக்கைத் தொடுவது மாதிரி மேலே, தாடையைத் தொடுவது மாதிரி கீழே, இடது கடைவாய், வலது கடைவாய், அப்புறம் அண்ணத்தில் ஒட்டி இழுத்து குதிரைக் குளம்பு மாதிரி டொக் டொக். ஒரு நாளைக்கு நாலைந்து வேளை. சும்மா விட்டால் ஆறும்போது மறுபடி ஒட்டிக்கொள்ளும் என்று நர்ஸ் எச்சரித்திருந்தாள்.

ஜைபா வாயைப் பூட்டிக்கொண்டாள். அதுவரை வாய் மூடாத பிள்ளை, பயிற்சி என்ற சொல்லைக் கேட்டதும் அத்தாவின் மகளாகிவிட்டது.

பேகம் மேல் உதட்டில் ஜாம் தடவினாள், நாக்கால் நக்கட்டும் என்று. ஜைபா விரலால் வழித்து, விரலை நக்கினாள். கையைப் பிடித்துக்கொண்டு தடவினால், முகத்தை அம்மாவின் தோளில் தேய்த்து, அப்புறம் தோளை நக்கினாள். குச்சி ஐஸ் கொடுத்தால் கடித்துத் தின்றாள். கடைசியில் பேகம் தானே எதிரில் உட்கார்ந்து டொக் டொக் என்று குதிரை ஓட்டிக் காட்டினாள். ஜைபா பொறுமையாகப் பார்த்துவிட்டு, "நீ நய்யா பண்யம்மா" என்று பாராட்டிவிட்டு விளையாடப் போய்விட்டாள்.

சாயந்திரம் ஷிப்ட் முடிந்து அதாவுல்லா வந்தபோது பேகம் ஜாம் பாட்டிலோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள்.

"என்னாலே ஆவாதுங்க. உங்க பொண்ணு, நீங்களே பாத்துக்கோங்க."

அதாவுல்லா "ம்" என்றார். வாசல் கதவைச் சாத்தினார். ஜன்னலைச் சாத்தினார். திரைச்சீலையையும் இழுத்துவிட்டார். மகள் எதிரில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இரண்டு தரம் செருமிவிட்டு, நாக்கை வெளியே நீட்டி, மீசையைத் தாண்டி மூக்கைப் பார்த்து உயர்த்தினார்.

ஜைபா அதுவரை அத்தாவின் நாக்கைப் பார்த்ததே இல்லை. அப்படி ஒன்று அவருக்கு இருக்கிறது என்பதே அவளுக்குப் புதுச் செய்தி. கண்ணை அகல விரித்தாள். அதாவுல்லா முறைப்பு மாறாமல் நாக்கை இடது பக்கம் கொண்டுபோனார். வலது பக்கம் கொண்டுபோனார். அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்துத் தரையில் உருண்டு, மூச்சு வாங்கி எழுந்து, அத்தா செய்த மாதிரியே தன் நாக்கை நீட்டினாள். இளஞ்சிவப்பாக ஒரு துளி, உதட்டைத் தாண்டி வந்து நின்றது. பேகம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அன்றோடு சட்டம் இயற்றப்பட்டது. அத்தா நீட்டினால் ஜைபா நீட்டுவாள். அத்தா நீட்டாவிட்டால் ஜைபாவும் இல்லை. அத்தா மீசையில் ஜாம் தடவிக்கொண்டால்தான் ஜைபா உதட்டில் தடவலாம். அத்தா வேலைக்குப் போயிருக்கும் வேளையில் என்ன செய்வது என்று பேகம் கேட்டதற்கு, ஜைபா அலமாரி மேல் இருந்த போனைக் காட்டினாள்.

அதாவுல்லா ஸ்டியரிங்கில் கை வைத்துவிட்டால் போனைத் தொடமாட்டார்; அதில் அவருக்குக் கண்டிப்பு அதிகம். ஆனால் கம்பெனிக்குள் பஸ்ஸை ஓரங்கட்டி என்ஜினை அணைத்த பிறகு, அடுத்த டிரிப் வரை நேரம் இருக்கிறது. போனை மீட்டருக்கு முன்னால் சாய்த்து வைத்து, வீடியோவில் மகளைக் கூப்பிடுவார். சத்தமே இருக்காது. வெளியில் இருந்து பார்க்கிறவருக்குப் போனும் தெரியாது. ஒரு தாடிக்காரர் கண்ணாடி வழியாக நேராக வெறித்துப் பார்த்து, மெதுவாக நாக்கை நீட்டுவது மட்டும்தான் தெரியும்.

முதலில் அதைப் பார்த்தவர் டிரான்ஸ்போர்ட் மேனேஜர் ராஜேஷ்குமார். கழுத்தில் டை, கையில் பேடு, நடையில் அவசரம். பஸ்ஸுக்கு முன்னால் கடந்தவர், ஏதோ உறுத்தி நிமிர்ந்து பார்த்தார். அதாவுல்லா அவரைப் பார்த்து நாக்கை மேலே தூக்கிக்கொண்டிருந்தார். ராஜேஷ்குமார் தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். சுவர்தான் இருந்தது. மறுபடி முன்னால் பார்த்தார். நாக்கு இப்போது அவர் நடந்துபோக வேண்டிய திசையைச் சுட்டிக்கொண்டிருந்தது. போய்விட்டார்.

மறுநாளும் அதே இடத்தில், அதே நாக்கு.

கேட் செக்யூரிட்டி ஆஞ்சப்பனும் பார்த்தார். கர்நாடகா எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் பெண் எடுத்தவர். கன்னடம் பாதி, தமிழ் பாதி. பஸ்ஸுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "ஏனாயித்து அண்ணா? நாலிகே எதுக்கு வெளிய வருது? தண்ணி வேணுமா?" என்று அக்கறையாகக் கேட்டார்.

அதாவுல்லா "ம்" என்றார். விளக்கம் சொல்ல நாலு வாக்கியமாவது வேண்டும். அவ்வளவு சரக்கு அவரிடம் இல்லை. ஆஞ்சப்பன் அந்த "ம்"முக்கு "ஆமாம்" என்று பொருள் எடுத்து ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். தினமும் கொடுத்தார்.

பஸ்ஸுக்குள் பேச்சு வேறு மாதிரி போனது. இறங்கும்போது உள் கண்ணாடியில் பார்த்துவிட்ட செல்லி, பின் சீட்டு வரை செய்தியை அனுப்பிவிட்டாள். ஒருத்தி வாதம் என்றாள். ஒருத்தி பல் வலி என்றாள். ஜோதிமணி என்கிற பெண் மட்டும் குரலைத் தாழ்த்தி, "நாக்கு அப்படி வெளிய வருதுன்னா, காளி வந்திருக்குது" என்றாள்.

"பாய்க்கு எப்பிடிடி காளி வரும்?"

"தினம் காளி கோயில் வாசல்லதானே பஸ்ஸ நிறுத்தி நம்மள ஏத்துறாரு. ஏறுறவங்கள்ல யாரு யாருன்னு அவரு பாத்தாரா?"

"டிக்கெட்டு கூட இல்லாத வண்டி" என்று இன்னொருத்தி ஒத்துக்கொண்டாள்.

இதற்கிடையில் இன்னொரு சங்கடம். காலையில் வீட்டில் முதல் வேளை பயிற்சிக்கு மீசையில் ஜாம். என்னதான் நக்கினாலும், கழுவினாலும், மீசையின் உள்ளே கொஞ்சம் தங்கிவிடும். உத்தனப்பள்ளி தாண்டுவதற்குள் ஈக்கள் வந்துவிடும். கியர் போடும் கை ஒன்று, ஸ்டியரிங்கில் ஒன்று. ஈயை ஓட்டக் கை இல்லை. அதாவுல்லா மூக்கைச் சுளித்து, உதட்டைக் கோணி, ஊதி ஊதிப் பார்ப்பார். கண்ணாடியில் இந்த முகக் கோணல்களைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்களுக்குச் சந்தேகம் தீர்ந்துவிட்டது. மறுநாள் பஸ்ஸின் முன்பக்கம் எலுமிச்சையும் பச்சைமிளகாயும் கோத்துத் தொங்கின. அதாவுல்லா அதைப் பார்த்தார். தொண்டையில் இருந்து ஒரு "ம்" வந்தது. செல்லி அதை மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

அந்த வாரக் கடைசியில் ராஜேஷ்குமார் அவரை ஆபீசுக்குக் கூப்பிட்டார்.

"அதாவுல்லா, உங்களுக்கு எம்மேல ஏதாவது வருத்தமா?"

"ம்ஹூம்."

"ஷிப்ட் மாத்திக் குடுக்கணுமா?"

"ம்ஹூம்."

"அப்ப ஏன் என்னைப் பாத்தா மட்டும் நாக்க நீட்டுறீங்க? நேத்து கஸ்டமர் விசிட்டு. ஜப்பான்காரங்க ரெண்டு பேரு கூட வந்தாங்க. அவங்களுக்கும் நீட்டினீங்க. அவங்க அத நம்ம ஊரு வணக்கம்னு நெனச்சு திருப்பி நீட்டிட்டுப் போறாங்க."

அதாவுல்லாவுக்குக் காது சிவந்தது. சொல்ல வாயெடுத்தார். எங்கிருந்து தொடங்குவது? சவ்வில் இருந்தா, ஜாமில் இருந்தா? அவர் யோசித்து முடிப்பதற்குள் ராஜேஷ்குமார் முடிவு செய்துவிட்டார். "வண்டி ஓட்டுற ஆளு. ரிஸ்க் எடுக்க முடியாது. வாங்க, கிளினிக்குல காட்டிடலாம்."

கம்பெனி கிளினிக்கில் டாக்டர் அனிதா இருந்தார். ரத்த அழுத்தம் பார்த்தார், சரியாக இருந்தது. கண்ணில் டார்ச் அடித்தார். முட்டியைத் தட்டினார். ராஜேஷ்குமார் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கடைசியாக டாக்டர் எல்லா டாக்டரும் சொல்வதைச் சொன்னார்.

"நாக்க நீட்டுங்க."

இந்த ஒன்று அதாவுல்லாவுக்கு நன்றாகத் தெரியும். நிமிர்ந்து உட்கார்ந்தார். நாக்கை நீட்டி மூக்கு நுனியைத் தொட்டார். அங்கேயே கொஞ்ச நேரம் நிறுத்தினார். கீழே இறக்கித் தாடியைத் தொட்டார். இடது கடைவாய், வலது கடைவாய். மேல் உதட்டை ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை துடைத்தார். பிறகு நாக்கை உள்ளே இழுத்து அண்ணத்தில் ஒட்டி, ஒரு குதிரை தூரத்தில் இருந்து ஓடிவந்து கிளினிக்கைக் கடந்து போகிற மாதிரி டொக் டொக் டொக் என்று முடித்தார்.

டாக்டர் அனிதா டார்ச்சை அணைக்க மறந்துவிட்டார்.

"இவருக்கு என்னாங்க கம்ப்ளைன்ட்?"

"இதுதாங்க கம்ப்ளைன்ட்டே" என்றார் ராஜேஷ்குமார்.

"இவ்வளவு வேலை செய்யற நாக்க நான் படிச்ச காலத்துல கூட பாத்ததில்ல."

அப்போது அதாவுல்லாவின் சட்டைப் பையில் போன் அடித்தது. மதிய வேளைப் பயிற்சி. எடுக்காவிட்டால் ஜைபா அந்த வேளையைத் தவறவிடுவாள். எடுத்தார். திரையில் ஜைபா, மேல் உதட்டில் ஜாம், பின்னால் பேகத்தின் கை.

அதாவுல்லா போனை இருவருக்கும் காட்டி, அந்தக் கம்பெனியில் சேர்ந்த நாள் முதல் பேசாத அளவுக்குப் பேசினார். "எம் பொண்ணுங்க. நாக்குக்கு அடியில ஆபரேஷன் பண்ணியிருக்குது. நாக்க ஆட்டலன்னா திரும்ப ஒட்டிக்கும்னு சொல்லியிருக்காங்க. நான் நீட்டினாத்தான் அவ நீட்டுவா. உங்களுக்கு நீட்டலீங்க சார். போனுக்குத்தான் நீட்டுனேன். நடுவுல நீங்க வந்துட்டீங்க."

ராஜேஷ்குமார் கட்டிய கையை அவிழ்த்தார். டாக்டர் அனிதா போனை வாங்கி, "பாப்பா, எங்க நாக்கக் காட்டு, டாக்டர் பாக்கறேன்" என்றார்.

ஜைபா திரையில் புதிய முகத்தை எடைபோட்டாள். "நீ முதய்ய நீட்டு."

டாக்டர் அனிதா ஒரு கணம் கதவைப் பார்த்தார். பிறகு நீட்டினார். ஜைபா இன்னும் திருப்திப்படவில்லை. திரை ஓரத்தில் தெரிந்த டையைச் சுட்டிக் காட்டினாள். "அந்த அண்ணனும்."

"நான் எதுக்கும்மா, நான் சும்மா கூட வந்தேன்" என்றார் ராஜேஷ்குமார்.

ஜைபா வாயை மூடிக்கொண்டாள். அந்த முறைப்பு ராஜேஷ்குமாருக்குத் தெரிந்த முறைப்பு; தினம் காலையில் பஸ்ஸின் முன்கண்ணாடிக்குப் பின்னால் பார்ப்பது. டையைச் சரிசெய்துகொண்டு அவரும் நாக்கை நீட்டினார். "மேய" என்றாள் ஜைபா. மூன்று நாக்குகளும் மேலே போயின. அவளுடையதும் போனது, நன்றாக, உதட்டுக்கு மேல் இருந்த ஜாம் வரை.

அந்த நேரம் பார்த்து ஆஞ்சப்பன் தண்ணீர் பாட்டிலோடு கதவைத் திறந்தார். டாக்டரைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். டிரைவரைப் பார்த்தார். பாட்டிலை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு, பின்பக்கமாகவே நடந்து வெளியேறி, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அன்று சாயந்திரம் அவர் முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் கேட்டில் நின்றார்.

செய்தி பஸ்ஸுக்கு வர ரொம்ப நேரம் ஆகவில்லை. செல்லி எலுமிச்சை மாலையைத் தானே அவிழ்த்துவிட்டு, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள்.

"ஏம்பா பாய், ஒரு வார்த்த சொல்லியிருந்தா நாங்களும் நீட்டியிருப்போமில்ல. இத்தினி பேரு சும்மாதானே குந்திக்கினு வர்றோம்."

அடுத்த நாள் முதல் பஸ் கம்பெனிக்குள் நின்றதும், ஷிப்ட் மணி அடிப்பதற்குள் ஒரு வேளைப் பயிற்சி நடந்தது. செல்லி போனைப் பிடிப்பாள். ஒவ்வொரு சீட்டில் இருந்தும் ஒரு நாக்கு. ஜைபா வீட்டில் இருந்து கட்டளை போடுவாள். யாராவது சோம்பினால் "பச்ச சேய அக்கா, நீ நீட்டய" என்று பெயர் குறிப்பிடாமல் நிறம் குறிப்பிடுவாள். பக்கத்தில் வந்து நின்ற இன்னொரு பஸ்ஸில் இருந்தவர்கள், தங்களைத்தான் கிண்டல் செய்கிறார்கள் என்று நினைத்து அவர்களும் நீட்டினார்கள். சில நாள் இரண்டு பஸ்ஸுக்கும் நடுவே அப்படியே ஓடியது. எந்த பஸ் தொடங்கியது என்று பிறகு யாருக்கும் நினைவில்லை.

காயம் நன்றாக ஆறிவிட்டது. ஒட்டவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, நாக்கு நல்லா மேல வருது, இந்தப் பயிற்சி போதும், இனி பேச்சுப் பயிற்சிக்கு அனுப்புங்க என்றார். அங்கே மெதுவாக எழுத்துகள் வந்து சேர்ந்தன. முதலில் "ல" வந்தது. வந்த சந்தோஷத்தில் ஜைபா அதை எல்லா இடத்திலும் போட்டாள். ரோஜா "லோஜா" ஆனது. ராயக்கோட்டை "லாயக்கோட்டை" ஆனது. "ர" வர இன்னும் கொஞ்ச காலம் பிடித்தது.

"ல" வந்த வாரத்தில் ஒரு காலை. அதாவுல்லா சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தார். பின்னால் இருந்து ஜைபா கூப்பிட்டாள்.

"அதாவுல்லா."

அவர் கை நின்றுவிட்டது.

"அதாவுல்லா, அதாவுல்லா, அதாவுல்லா" என்று அவள் சுற்றிச் சுற்றி ஓடினாள். அதுவரை அவளுக்கு அவர் பெயர் சொல்ல வந்ததில்லை.

"அத்தா பேரச் சொல்லிக் கூப்பிடக் கூடாதுடி" என்று அடுப்படியில் இருந்து பேகம் அதட்டினாள்.

"சொல்லட்டும் விடு" என்றார் அதாவுல்லா. பொத்தானை ஒன்று தள்ளி மாற்றிப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். பஸ்ஸில் ஒருவரும் அவரிடம் அதைச் சொல்லவில்லை.

பயிற்சி போதும் என்று டாக்டர் சொன்னது ஜைபாவுக்கு. அதாவுல்லாவுக்கு யாரும் சொல்லவில்லை. மாதக்கணக்கில் பழகிய நாக்கு, அந்தந்த வேளைக்குத் தானாக வெளியே வந்தது. டீக்கடையில் வந்தது. பெட்ரோல் பங்கில் வந்தது. தூக்கத்தில் டொக் டொக் என்று குதிரை ஓடி பேகம் எழுந்து உட்கார்ந்தாள்.

பேகத்தின் தம்பி முஹ்சினுக்குக் காவேரிப்பட்டினத்தில் நிக்காஹ் நடந்தது. சாப்பாடு முடிந்து குடும்பப் படம் எடுக்க எல்லாரும் மேடையில் நின்றார்கள். அதாவுல்லா புதுச் சட்டையில், மச்சானுக்குப் பக்கத்தில், வழக்கமான முறைப்போடு நின்றார். சரியாக மதியப் பயிற்சி வேளை.

சில நாள் கழித்து முஹ்சின் போன் செய்தான். "மச்சான், ஆல்பம் வந்துச்சு. எல்லாம் சூப்பரா இருக்குது. ஒரே ஒரு படத்துலதான்…" என்று இழுத்தான். "ஒண்ணும் பிரச்சினை இல்ல. போட்டோகிராபரு கம்ப்யூட்டர்லயே வாயச் சரி பண்ணித் தந்துட்டாரு. ரெண்டையும் அனுப்புறேன், பாருங்க."

இரண்டு படங்களும் வந்தன. ஒன்றில் இருபது பேர் ஒழுங்காக நிற்க, நடுவில் அதாவுல்லாவின் நாக்கு மூக்கைத் தொட்டுக்கொண்டிருந்தது. திருத்திய படத்தில் அவர் வாயெல்லாம் பல்லாகச் சிரித்தார். அது யாருடைய பல் என்று தெரியவில்லை. எண்ணிக்கையும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

பேகம் இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள். பிறகு நாக்கு இருக்கிற படத்தையே கண்ணாடி போட்டு முன்அறையில் மாட்டினாள். இன்னொன்றில் சிரித்துக்கொண்டிருந்த ஆளை அந்த வீட்டில் ஒருவருக்கும் அடையாளம் தெரியவில்லை.